ஆத்தா பார்க்காத பிள்ளை

எங்கள் குடும்பத்துப் பெரியவர்களில் அம்மை போடாத ஒரே ஆள் நான்தான். மடுல்கெல்லயில் என்னோடு வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது, எனக்கு வரவில்லை. எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று அக்கா அழுது முடித்துவிட்டுச் சொன்ன முதல் பேச்சு, "ஆத்தா ஒன்னயப் பாக்கவே இல்லயே, அதான் இது வந்திருக்கு." கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள்தான் மகளையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவுக்கு வந்து, என் வீட்டிலேயே தங்கி எனக்குச் சமைத்துப் போட்டாள். சோறு போடுகிறவளை எப்படித் திட்டுவது?

மருந்து ஏற்றத் தொடங்குமுன் டாக்டர் விளக்கமாகச் சொன்னார். ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியை நான் போடலாம். அம்மைத் தடுப்பூசி மட்டும் எனக்கு ஆகாது. அதில் இருப்பது உயிருள்ள கிருமி, என் உடம்பு தாங்காது. அதனால் வீட்டில் அம்மை வராதவர்கள் எனக்காகப் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த நேரத்தில் எனக்கு அம்மை வந்தால் உயிருக்கே ஆபத்து.

கிளினிக் வாங்குப் பலகையில் என்னோடு உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் எந்த ஊசியும் வேண்டாம் என்றார்கள். "ஏத்துற மருந்தே தாங்கல, இதுல இது வேறயா?" என்றாள் ஒருத்தி. நான் அவர்கள் முன்னாலேயே சட்டைக் கையைச் சுருட்டிக் காய்ச்சல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். நோயாளியின் பயம் எனக்குப் புரியும். நோயில்லாதவர்களின் பிடிவாதம்தான் இன்றைக்கும் புரியவில்லை.

அக்கா மகளுக்கு அம்மை வந்ததில்லை. கண்டி டவுனுக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டு வா என்றேன்.

"ஒனக்கே ஆகாதுன்னு சொன்ன ஊசிய எம்புள்ளைக்குப் போடச் சொல்றியா?"

"எனக்கு ஆகாததாலதான்க்கா அவளுக்குப் போடச் சொல்றாங்க."

"ஆத்தாளத் தடுக்க ஊசியா? வாயக் கழுவு."

அதோடு முழங்கால் வலி, பஸ்ஸில் நிற்க முடியாது என்றும் சொன்னாள். கெஞ்சினேன், கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பிள்ளையைச் சேர்த்திருந்த பள்ளிக்கூடத்தில் அம்மை பரவியது. ஒரு காலை பிள்ளையின் கழுத்தெல்லாம் கொப்புளம். அக்கா முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி வேப்பிலை வாங்கி வந்தாள். முழங்கால் வலி எங்கே போனதோ! அவள் வாசலில் வேப்பிலை கட்டியபோது நான் உடுப்புகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா எறங்கியிருக்கப்ப வீட்டாளுங்க படி தாண்டக் கூடாது. கோவிச்சுக்குவா" என்று குறுக்கே நின்றாள்.

"கோவிச்சுக்கட்டும். எனக்கும்தான் கோவம்."

அவளைத் தள்ளிவிட்டுப் போய் ஆட்டோவில் ஏறினேன்.

வார்டில் டாக்டர் தன் தலையில் கை வைத்தார். கொப்புளம் தெரிவதற்கு முன்பே அம்மை தொற்றிவிடுமாம். பாதுகாப்புக்கு, உயிர்க்கிருமி இல்லாத வேறோர் ஊசி போட்டு என்னைத் தனி அறையில் வைத்தார்கள். புற்றுக்கு ஏற்ற வேண்டிய அடுத்த மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். அம்மை வருகிறதா இல்லையா என்று பார்த்த பிறகுதான் இனி எல்லாம். அதுவரை புற்று சும்மா இருக்குமா என்று கேட்டேன்.

பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அக்கா எனக்குப் போன் எடுத்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு!

"ஒனக்கும் வந்துருச்சா?" என்று கேட்டாள்.

குரலில் பயமே இல்லை, ஆசை இருந்தது. ஆத்தா என்னையும் பார்த்துவிட்டால் நோய் போய்விடும் என்று அவள் மனமார நம்பினாள். என் மேல் உயிரையே வைத்திருப்பவள் அவள். அதை நினைக்க நினைக்கத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

"இன்னும் வரல" என்றேன்.

"வரும்டி. ஒனக்காக நேந்திருக்கேன்."