மாளிகையை அளந்த மரியதாஸ் அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை வைலேயில் உள்ள முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை பேசினாள். "அங்கிள், மரியதாஸ் ஐயா விடியக் காலமை போயிட்டார். ஆருக்கு அறிவிக்கிறது எண்டு இஞ்ச கேக்கினம். ஃபோமில உங்கட நம்பர் மட்டும்தான் கிடக்கு." அறிவிக்க ஒருவரும் இல்லை என்றேன். "டென்மார்க்கில இல்லையோ, ஒரு இடத்திலயும் இல்லையோ?" என்று கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளை, கேட்டதில் பிழையில்லை. ஒரு இடத்திலும் இல்லை என்றேன்.

ஹோர்சன்ஸிலும் வைலேயிலும் அவரைத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் பழைய மாளிகையில் பார்வையாளரை அழைத்துச் சென்று விளக்கம் சொன்னவர். ஞாயிறு பூசையில் கடைசி வாங்கில் இருந்தவர். அதற்கு முந்திய மரியதாஸை அறிந்தவர்கள் குறைந்துபோனோம்.

அந்த மாளிகை வைலேக்குத் தெற்கே, பழைய எல்லைக்கு அப்பால் இருக்கிறது. ஹோல்ஸ்டைனிலிருந்து வந்த ஒரு ஜெர்மானியப் பிரபு சதுப்பு நிலத்தில் ஓக் மரக் கட்டைகளை இறக்கி, அவற்றின்மேல் பாறைக் கற்களை அடுக்கி, செங்கல்லால் எழுப்பிய வீடு. வீடு என்பதைவிட இரண்டு நீண்ட வீடுகள் என்பது பொருந்தும். இரண்டும் ஒட்டி நிற்கும், கூரைகள் தனித்தனி. நடுவில் படிக்கட்டுக் கோபுரம், சுற்றிலும் அகழி. எல்லை நகர்ந்து அந்த மண் டென்மார்க்குக்கு வந்தபின் அது பல கை மாறியது. எண்பதுகளில் பெரிய வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். பண்ணையாட்கள் முன்பு குடியிருந்த வரிசை அறைகளில் அகதிகளாக வந்த எங்களைப் போட்டார்கள்.

அண்ணை யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கட்டடக் கந்தோரில் படவரைஞராக இருந்தவர். வந்த இரண்டாவது வாரமே கயிற்றில் முடிச்சுப் போட்டு மாளிகையை அளக்கத் தொடங்கினார். பழுதுபார்க்க வந்த டேனிஷ் கட்டடக் கலைஞர் முதலில் சிரித்தார். பிறகு ஓர் அளவு நாடா கொடுத்தார். ஒரு நாள் அண்ணை அவரைக் கூப்பிட்டு, வரைபடத்தில் சமையற்கட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் சரியில்லை என்றார். வெளியே அளந்த நீளத்துக்கும் உள்ளே அளந்ததன் கூட்டலுக்கும் ஏழு அடி வித்தியாசம். "ஏழடிச் சுவரை ஒருத்தனும் சும்மா கட்டமாட்டான்" என்று தமிழில் எங்களிடம் சொன்னார். உடைத்துப் பார்த்தபோது உள்ளே ஓர் ஆள் நிற்கக்கூடிய அறை இருந்தது. சுவரில் இரும்பு வளையம். கையளவு காற்றுத் துளை ஒன்று.

அந்தக் காலத்தில் பிரபுதான் நீதிபதி. நிலத்தை விட்டு ஓடிய குடியானவர்களைப் பிடித்து, தான் விசாரிக்கும் நாள்வரை அங்கே வைத்திருப்பாராம். குளிர்காலத்தை நகரத்தில் கழிக்கப் போனால் விசாரணையும் வசந்தம்வரை நிற்கும். இதைக் கேட்ட அல்பிரட், அண்ணையின் அறைத் தோழன், "எங்களுக்கு ஜன்னலாவது வைச்சிருக்கிறாங்கள்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்தவர்கள் எல்லோரும் குடும்பத்தை எடுக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள். அண்ணையின் மனைவி றெஜினாவும் நான்கு வயது மகளும் யாழ்ப்பாணத்தில். சட்டப்படி அவர்களுக்கு வர உரிமை இருந்தது. அரச முடிச் சின்னம் அச்சிட்ட கடிதம் சில மாதங்களுக்கு ஒருமுறை வரும்: உங்கள் விண்ணப்பம் வரிசைப்படி பரிசீலிக்கப்படுகிறது.

அல்பிரட் பொறுக்கவில்லை. "அண்ணை, ஏஜென்சிக்காரனைப் பிடியுங்கோ. நான் மனிசியை ஜேர்மனிக்கு எடுக்கப் போறன்."

"வரிசைப்படி எண்டு எழுதிக் கிடக்கு. நான் கந்தோரில இருந்தவன். ஃபைல் நம்பர் விழுந்தால் அது நகரும்."

"சுவரை நம்பமாட்டியள், கடதாசியை நம்புவியள். விசர் அண்ணை உங்களுக்கு!"

அண்ணை கோபிக்கவில்லை. அவர் பயந்தது வேறொன்றுக்கு. அனுமதி வந்தால் விண்ணப்பத்தில் எழுதிய யாழ்ப்பாண வீட்டு விலாசத்துக்குத்தான் அறிவிப்பு போகும். ஆள் அங்கே இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும், ஃபைல் மூடப்படும் என்று கணக்குப் போட்டார். இருபது வருடம் கந்தோரில் இருந்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு பயம் வரும். ஷெல் அடி தொடங்கியபோது மனைவிக்கு எழுதினார்: வீட்டை விட்டுப் போகாதே, விலாசம் மாறக்கூடாது.

தெருவில் இருந்த சனம் மாதா கோயிலுக்குப் போனது. றெஜினா போகவில்லை. அவர்கள் வீட்டுக் கூரையில் விழுந்தது ஒரே ஒரு ஷெல். கோயிலில் ஒருவருக்கும் காயமில்லை.

இருவரின் சாவுச் செய்தி தொலைபேசியில் வந்தது. பதினொரு நாள் கழித்து, றெஜினா முன்பே போட்டிருந்த கடிதம் வந்தது. அண்ணை அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "எல்லாரும் கோயிலுக்குப் போகினம். நீங்கள் சொன்னபடி நானும் பிள்ளையும் வீட்டிலதான் நிக்கிறம். கடிதம் வந்தால் உடன அறிவிக்கிறன்." வாசித்து முடித்ததும் அதை மடித்து உறைக்குள் வைத்தார். அல்பிரட் எழுந்து வெளியே போய்விட்டான். அவனுடைய மனைவி அப்போது ஹம்பர்க்கில் இருந்தாள்.

வரிசை என்று ஒன்று இருக்கவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. இங்குள்ள நீதி அமைச்சர் சொல்லி, தமிழரின் விண்ணப்பங்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆட்கள் கேட்கத் தொடங்கியதும் ஃபைல்கள் அசைந்தன. அண்ணைக்கும் அனுமதி வந்தது. மனைவி, மகள், இருவருக்கும். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். "பேரெல்லாம் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாங்கள்" என்றார்.

இது குறித்து விசாரணை நடந்து ஓர் அரசே பதவி விலகிய நாட்களில், எங்கள் தமிழ்ப் பத்திரிகைக்காக அவரைக் கண்டேன். மாளிகையின் சமையற்கட்டில் இரண்டு மணி நேரம் பேசினார். கட்டுரை வந்தது. தலைநகரை ஒட்டிய ஹ்விடோவ்ரேயிலிருந்துகூட ஆட்கள் கூப்பிட்டு அழுதார்கள். மறுநாள் அண்ணை கூப்பிட்டார்.

"தம்பி, நல்லாய் எழுதியிருக்கிறாய். ஒண்டை விட்டிட்டாய்."

"தெரியும் அண்ணை. வேணுமெண்டுதான் விட்டனான்."

"அமைச்சர் மறிச்சது கடதாசியை. அவள் கோயிலுக்குப் போறதை மறிச்சது நான். அதையும் போடு."

"சனம் உங்களை என்ன நினைக்கும்?"

"சனம் நினைக்கிறதையோ நீ எழுதுறனீ?"

நான் போடவில்லை. ஒவ்வொரு வருடமும் மனைவி, மகளின் நினைவுப் பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது, "போட்டிட்டியோ?" என்று கேட்பார். அடுத்த கிழமை பார்ப்போம் என்பேன். கடைசி இரண்டு வருடம் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கேள்வியும் நின்றது. எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது என் பழைய குறிப்புப் புத்தகத்தில் அவர் சொன்னபடி எழுதிய ஒரு வசனம்: "வீட்டை விட்டுப் போகாதை எண்டு நான்தான் எழுதினனான்." இரக்கம் என்று எண்ணி இத்தனை வருடம் அதை மூடி வைத்திருந்தேன். பாதிப் பழியைத்தான் ஊர் அறிந்திருந்தது. மீதியை அவர் தனியே வைத்திருந்தார். இன்று போட்டிருக்கிறேன், அண்ணை. வாசிக்க நீங்கள் இல்லை.