பாலம் ஏறும்போது சொன்னது

முடிச்சூரிலிருந்து கேம்ப் ரோடு சந்திப்புவரை ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிடம். சிறுசேரி போகும் என் மனைவியின் கம்பெனி பஸ் அங்கேதான் நிற்கும். பன்னிரண்டு வருடம் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன். எங்களுக்குள் பேச்சு என்று இருந்ததெல்லாம் அந்த இருபத்தைந்து நிமிடம்தான். வீட்டில் குக்கர் பேசும், தண்ணீர் மோட்டார் பேசும், கோவை ஹாஸ்டலுக்குப் போகும்வரை மகன் பேசினான். ஸ்கூட்டரில் அவள் பேசுவாள். தாம்பரம் ரயில் பாலத்தில் வண்டி முனகிக்கொண்டு ஏறும்போது அவள் சற்று முன்னால் சாய்வாள். குரல் என் வலது தோளுக்கு மேல் வந்துவிடும். கீழே தண்டவாளங்கள், தோளில் அவள் மூச்சு, இன்னதென்று இல்லாத கதைகள். யாரோ ஒருத்தியின் புது மூக்குத்தி. கேன்டீன் சாம்பாரில் கிடந்த ரப்பர் பேண்ட்.

அது எப்போது போனது? ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் ஒயரில்லாத இயர்போன் என்கிற அந்தச் சின்னக் குமிழைச் செருகிக்கொள்ள ஆரம்பித்த பிறகு. நான் எழுதுகிறவன். போனில் நாலு வரி எழுதிப் போடுவேன். எத்தனை இதயம் விழுந்தது என்று சிக்னலில் நின்று எண்ணுவேன். பச்சை விழுந்ததைப் பின்னாலிருக்கிற ஹாரன்தான் எனக்குச் சொல்லும். வண்டி ஓடும்போது யாராவது ஒருவர் காதுக்குள் எதையாவது விளக்கிக்கொண்டிருப்பார். அவளுக்கும் குறை வைக்கவில்லை, ம் கொட்டிக்கொண்டுதான் இருந்தேன். கதை சொல்கிறவருக்கு ம் கொட்ட வேண்டும் என்று சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். கேட்காமலும் கொட்டலாம் என்பதை நானே கற்றுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அவள் பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ பெரிய பெட்டி எதுக்கு?"

"ஒரு வருஷத்துக்குச் சின்னப் பெட்டி போதுமா?" என்றாள். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "புனே ப்ராஜெக்ட். பாலம் ஏறும்போது மூணு நாள் கேட்டேனே. மூணு நாளும் ம்-னீங்க."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாமா, தெரியும். எந்தத் தேதின்னுதான் மறந்துட்டேன்," என்றேன். அவள் பெட்டியின் தூசியைத் தட்டினாள்.

போய்விட்டாள். காலையில் பாலத்தின் மேல் ஸ்கூட்டர் எடையில்லாமல் ஏறியது. கொண்டுவிட அவள் இல்லாவிட்டாலும் கேம்ப் ரோடுவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கிண்டி ஆபீசுக்கு ரயில் பிடிக்க வந்தேன். தோளுக்கு மேல் காற்று மட்டும் வந்தது. இப்போது காதில் குமிழ் இல்லை. காது காலியாக இருந்து என்ன?

சரி, இப்போதாவது திருந்தினேனா என்றால் அதுவும் இல்லை. வீடியோவில் அவள் கூப்பிடுவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே என் விரல் வேறெங்கோ போய்விடும். அவள் முகம் திரையின் மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும்.

"உங்க கண்ணு மேலயும் கீழயும் ஓடுதுங்க," என்றாள் ஒருநாள், கோபமே இல்லாமல். "படிச்சு முடிச்சிட்டுக் கூப்பிடுங்க."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாளே மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பட்டன் போன் கேட்டேன்.

"யாருக்கு சார், ஊர்ல அப்பாவுக்கா?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், வூட்ல எதுனா பேஜாரா?"

பெரிய போனை பீரோவில், அவளுடைய பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். முதல் வாரம் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. ரயிலில் சாப்பாட்டுப் பையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே வந்தது. பெட்டி முழுக்கத் தலைகள் குனிந்திருக்க, நான் ஒருவன் மட்டும் நிமிர்ந்திருந்தது சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

"இன்னாணா, செல்லை அட்ச்சிட்டானுங்களா?" என்றார் தினமும் வாசலோரம் நிற்பவர்.

"இல்லப்பா. வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன்."

"அடடா. சானடோரியத்துல எறங்கித் திரும்பிடுணா. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல."

இறங்கிவிடலாமா என்று கால் பரபரத்தது உண்மை. இறங்கவில்லை. அன்று போனது, மறுநாளும் போனது. புது எண்ணுக்கு அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட ஆரம்பித்தாள். முகம் கிடையாது, குரல் மட்டும். கண்ணுக்கு வேலை இல்லாததால் காது மெல்லத் தன் பழைய வேலைக்குத் திரும்பியது. அவளுக்குச் சளி பிடித்திருப்பதை, அவள் சொல்லும் முன்னால் நான் கேட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. "ஏங்க, இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?"

ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

"முதல் தடவை நீ கேட்டது என் காதுலயே விழல," என்றேன். "தெரிஞ்ச மாதிரி நடிச்சிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ரெண்டு நாள் போகட்டுமான்னு கேட்டேன். மூணாவது நாள், 'இப்படியே வண்டியிலேர்ந்து குதிச்சிடட்டுமா'ன்னு கேட்டேன். அதுக்கும் ம்-னீங்க." சிரித்தாள். "அன்னிக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

என்னால் சிரிக்க முடியவில்லை. "வந்துடு," என்றேன். "ஆறு மாசமெல்லாம் வேணாம். வந்துடு."

அவள் பக்கத்தில் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம். பிறகு, "இதை அப்பவே சொல்லியிருந்தா நான் கிளம்பியே இருக்க மாட்டேங்க. இப்ப... எனக்கு இங்க பிடிச்சிருக்கு."

கோபித்துக்கொண்டு வைத்துவிடலாம். வைக்கவில்லை. "என்ன பிடிச்சிருக்கு, சொல்லு."

"நிஜமாவே கேக்கறீங்களா?"

"நிஜமாத்தான்."

கூட இருக்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னாள். தான் ஏதாவது பேச ஆரம்பித்தால் அந்தப் பெண் கையிலெடுத்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்பாளாம். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு குன்றின் மேல் ஏறுவார்களாம். பேசிக்கொண்டே ஏறுவதால் மூச்சு வாங்குமாம்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். மின்விசிறியின் இரைச்சலில் கடைசிச் சொற்கள் அமுங்கின. எழுந்துபோய் அதை நிறுத்தினேன். நிறுத்தியதும் வியர்க்கத் தொடங்கியது. "அப்புறம்?" என்றேன்.