ஒரு தட்டு என்றால் நில்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துவிட்டுப் போகலாம். நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நள்ளிரவு, ஆந்தை, கொலுசுச் சத்தம் எதுவும் இதில் கிடையாது. தார்ச்சாலை உருகுகிற மத்தியான வெயில். மானமுள்ள எந்தப் பேயும் நிழலில் ஒதுங்கித் தூங்குகிற நேரம்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, விலங்குக் கழிவு அள்ளும் நிறுவனம் நடத்திவந்தார். கறிக்கடை, கோழிக்கடை, கால்நடை மருத்துவமனை எல்லாம் அவருடைய வாடிக்கை. அங்கே மிஞ்சும் குடல், இறகு, எலும்பு, செத்துப்போன நாய், பூனை எல்லாம் எங்கள் வண்டியில்தான் ஏறும். வண்டியின் இரண்டு பக்கமும் பச்சை எழுத்தில் 'பாதுகாப்பாக! சட்டப்படி!' என்று எழுதியிருக்கும். ஆச்சரியக்குறிகள் மாமா தனியாகச் சொல்லிப் போட வைத்தவை. சுத்தம் பற்றி மேடையில் பேசக் கூப்பிட்டால் மைக்கை விடவே மாட்டார்.

சட்டம் ஒன்றும் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. டிரம்மில் போடு. சுண்ணாம்பு தூவு. மூடியை இறுக்கு. ஊருக்கு வெளியே இருக்கும் எரிப்பு ஆலையில் கொண்டுபோய் ஒப்படை. அவ்வளவுதான்.

வண்டியை மாமாவே ஓட்டுவார். பின்னால் நின்று டிரம் ஏற்றி இறக்குபவர் மீசை அண்ணன். அவருக்கு மீசை கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் வண்டி இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அதனால் இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் நிற்பவர் உள்ளங்கையால் கதவைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் போ. ஒரு தட்டு என்றால் நில். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. அவர் கை சொல்லும், இவர் கால் கேட்கும். மீசை அண்ணன் தட்டினால் வண்டியையே கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு பேரும் போனார்கள். மாமா மட்டும் திரும்பி வந்தார்.

"பாதி வழியில இறங்கி ஓடிட்டான்டா. வேலைக்குப் பயந்த பய."

செத்த கன்றுக்குட்டியைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போடுகிற மனுஷன் அவர். வேலைக்குப் பயப்படுகிறவர் என்று எங்களிடம் ஒருவர்தான் உண்டு. அவருக்குத் தனி அறையும் சுழல் நாற்காலியும் இருந்தன.

மறுநாள் காலை மீசை அண்ணனின் மனைவி வந்து கேட் வாசலில் நின்றார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, அவரு வந்தாரா?"

"இல்லக்கா."

"பழைய செருப்பை மாட்டிக்கிட்டுப் போனாரு தம்பி. புதுசு வீட்டுல கெடக்கு. ஓடிப்போறவன் புதுசைத்தானே மாட்டிக்கிட்டு ஓடுவான்?"

உள்ளிருந்து மாமா குரல் கொடுத்தார். "எவளையாவது கூட்டிக்கிட்டுப் போயிருப்பான்மா. பசிச்சா தானா வருவான்."

போலீஸ் ஸ்டேஷனிலும் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள், கொஞ்சம் சிரிப்பும் சேர்த்து. புதன்கிழமையும் அக்கா வந்தார். அன்று முழுக்க வெயிலில் நின்றார்.

"எந்த இடத்துல எறங்கினாருன்னு மட்டும் சொல்லுங்க முதலாளி. நானே தேடிக்கிறேன்."

மாமா ஜன்னலைச் சாத்தினார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கையில் என்ன இருக்கிறது? வெறும் சந்தேகம்.

செவ்வாயும் புதனும் மாமா தனியாகவே வண்டியை எடுத்துப்போய்க் காலி செய்துவிட்டு வந்தார். வியாழக்கிழமை முதுகு பிடித்துக்கொண்டது.

"டேய் மாப்ள, காலேஜ் லீவுதானே? வா. டிரம் இறக்கணும். வாயைத் திறக்காம வரணும்."

டிரம்களை ஏற்றினேன். மூடிகளை இறுக்கினேன். வண்டித் தரையில் சுண்ணாம்புத் தூள் தூவிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அப்போதுதான் ஒன்று உறுத்தியது.

ஈ இல்லை.

எங்கள் வண்டியில் ஈ இல்லாமல் இருப்பது கல்யாண வீட்டில் சொந்தக்காரர் இல்லாமல் இருப்பது மாதிரி. நடக்கவே நடக்காது. அன்று ஒன்றுகூட இல்லை.

தெருமுனையில் நாய்கள். எப்போதும் வண்டியைத் துரத்திக்கொண்டு அடுத்த தெரு வரை வரும் படை. அன்று எழுந்து நின்றன. குரைக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விட்டன. வண்டிக்குப் பின்னால் யாரோ நிற்பதைப் பார்ப்பது போல, எல்லாத் தலையும் ஒரே பக்கமாகத் திரும்பியது...

கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். காலிச் சாலை.

மாமா ஜன்னலை ஏற்றி, ஏசியைப் போட்டு, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தார். நாற்றம் தெரியாமல் இருக்க அவர் கண்டுபிடித்த அறிவியல் இதுதான். மணி இரண்டே கால் இருக்கும்.

பளார்!

ஒரே தட்டு. பின்கதவில்.

மாமாவின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. நான் முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. சாலையில் ஈ காக்கை இல்லை. நான் பேச்சுக்குச் சொல்லவில்லை.

"டிரம் சாஞ்சிருக்கும்," என்றார் மாமா. ஏசியிலும் கழுத்தெல்லாம் வியர்வை.

மறுபடி கிளம்பினோம். கொஞ்ச தூரம்...

பளார்!

பாட்டுச் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார்.

"கை வைக்காத! ஓடட்டும்!"

எரிப்பு ஆலைக்கு நேராகப் போக வேண்டும். மாமா இடது பக்கம் ஒடித்தார். மண் பாதை. முள்புதர். அதற்கப்பால் கைவிடப்பட்ட கல்குவாரி.

"மாமா, ஆலை நேரா போகணும்."

"அங்க போய் வரிசையில நிக்க உங்கப்பன் வருவானா?"

அப்போதுதான் விளங்கியது. 'பாதுகாப்பாக! சட்டப்படி!' எல்லாம் இந்தக் குழிக்குள்ளே போகிறது. ஊர்ப் பிணம் அத்தனையும் இங்கே கொட்டிவிட்டு, மேடையில் ஏறிச் சுத்தம் பற்றிப் பேசியிருக்கிறார் இந்த மனுஷன். திங்கட்கிழமை மீசை அண்ணனும் இங்கேதான் வந்திருக்க வேண்டும்.

  

"பின்னாடி போய் நில்லு. விளிம்பு வந்ததும் தட்டு."

இறங்கினேன். பின்கதவில் உள்ளங்கையை வைத்தபடி ஓரமாக நடந்தேன். வண்டி பின்பக்கமாக ஊர்ந்தது. குழியிலிருந்து நாற்றம் வர வேண்டும்... வரவில்லை. காற்று இல்லை. சத்தம் இல்லை. பாட்டு மட்டும் உள்ளே அடைபட்டுக் குதித்தது.

விளிம்பு நெருங்கியது. தட்டக் கையை எடுக்கப் போனேன்.

பளார்.

நான் தட்டவில்லை.

கதவின் உட்புறத்திலிருந்து. என் உள்ளங்கைக்கு நேர் எதிரே. இரும்பு என் கையில் அதிர்ந்தது.

வண்டி நின்றது.

பாட்டு நின்றது.

நான் தாழ்ப்பாளை இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று இன்றும் தெரியாது. கதவு திறந்தது...

டிரம்கள். மூடிகள் இறுக்கியபடி. தரையில் வெள்ளைச் சுண்ணாம்பு, தூவியது தூவியபடி.

ஒரு கால்தடம் இல்லை.

மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. காலி இருட்டைப் பார்த்துப் பேசினார்.

"அன்னிக்கு அவன் தட்டினது கேட்டுச்சுடா... பாட்டுல வர்ற தாளம்னு நெனச்சேன்டா..."

எனக்கு எல்லாம் புரிந்துபோனது. மீசை அண்ணன் விளிம்பில் நின்று தட்டியிருக்கிறார். வண்டி நிற்கவில்லை. இடித்துத் தள்ளிவிட்டது.

போனை எடுத்தேன். மாமா பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம்டா மாப்ள. நாம இங்க வந்தோம்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும்டா!"

"அந்தக்கா ரெண்டு நாளா வாசல்ல நிக்கிறாங்க!"

"எட்டிப் பார்த்தேன்டா. அசைவே இல்ல. செத்தவனுக்கு யாரைக் கூப்பிட்டு என்ன?"

"அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணினா... உனக்கு அந்த இடத்துல என்ன வேலைன்னு போலீஸ்காரன் கேப்பானே!"

இதை அவர் சொன்ன விதம் இருக்கிறதே... நியாயம் பேசுகிற குரல். வரி கட்டுகிற குடிமகனின் குரல். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியவர் ஒருவரைப் பிடித்துத் தள்ளினேன். வண்டிக்குள் சுண்ணாம்பில் போய் விழுந்தார். 'பாதுகாப்பாக' என்று எழுதிய பக்கத்தில் நின்றுகொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன்.

பேசி முடித்து வைத்தேன். கண்மூடித் திறப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு ஈ வந்து என் கையில் உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு குழிக்குள்ளிருந்து கறுப்பாக, இரைச்சலோடு, மொத்தமும். நாற்றமும் அப்போதுதான் வந்தது. நான் முட்டி போட்டு வாந்தி எடுத்தேன்.

கயிறு கட்டி இறங்கினார்கள். பொழுது சாயும்போது உடலை மேலே கொண்டுவந்தார்கள்.

"பாதி ஆழத்துல ஒரு திட்டு," என்றார் இறங்கியவர். "பாறைக்கு அடியில ஒதுங்கிக் கெடந்தாரு. மேல கொட்டியிருந்ததை வழிச்சுப் போட்டுட்டுத்தான் எடுத்தோம்."

ஒதுங்கி. அந்த வார்த்தை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அக்காவோடு நின்றேன். குவாரியில் மாமா சொன்னதையும், செவ்வாயும் புதனும் அங்கேயே கொட்டியதையும் அவரிடம் சொல்லியிருந்தேன். அன்றைக்கு மத்தியானம் வண்டியில் கேட்ட தட்டை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். டாக்டர் வெளியே வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"கால்லதான் முறிவும்மா. அதனால உயிர் போகல. தண்ணியில்லாம, புண்ணுல விஷம் ஏறி..."

"எப்போ போச்சு டாக்டர்?" என்றார் அக்கா.

"இன்னிக்கு விடியக்காலையிலதான்."

அக்கா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நேத்து... நான் கேட் வாசல்ல நின்னு முதலாளிகிட்ட கேட்டப்போ... முதலாளி இவரு மேல கொட்டிட்டு வந்தப்போ... இவரு உயிரோட இருந்தாரா?"

ஆமாம் என்று டாக்டர் தலையசைத்தார்.