துவைக்கிற அன்றைக்கு அறுந்த நெட்

"கம்ப்யூட்டரில் கோளாறு." லைனில் பழுது அகப்படாத நாளில் புகார்ச் சீட்டில் நாங்கள் எழுதித் தப்பிக்கும் வாக்கியம் இது. தனலட்சுமி அம்மா வீட்டுப் புகாரில் அதை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

திருப்பூருக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. பல வருடம் டெலிபோன் லைன் பார்த்தவன் நான். கரகர சத்தத்தைக் கேட்டே எந்தக் கம்பத்தில் பழுது என்று சொல்லிவிடுவேன் என்ற மிதப்பு உண்டு. பெரும்பாலும் சரியாகவும் சொல்லிவிடுவேன். அந்த அம்மா வீட்டின் கீழ்த்தளத்தில் பத்து மிஷின் போட்டு, ஏற்றுமதிக்கு சாம்பிள் பனியன் தைத்துக்கொடுத்தார். போனில் பேச முடிகிறது, நெட் மட்டும் அறுந்து அறுந்து போகிறது என்பது புகார்.

முதல் தடவை, பேச்சையும் நெட்டையும் பிரித்துக்கொடுக்கும் ஸ்பிளிட்டரை மாற்றினேன். அடுத்த தடவை மோடத்தையே மாற்றினேன். புகார் வந்து நான் போய்ச் சேர ஒரு நாள் ஆகிவிடும். போகும்போது மோடத்தில் லிங்க் விளக்கு அசையாமல் எரியும். இரண்டாம் தடவை கிளம்புகையில் அவர் தயங்கிச் சொன்னார்.

"ஏனுங்க, நான் சாம்பிள் துவைக்கிற அன்னைக்குத்தானுங்க நெட்டு போகுது."

சிரித்துவிட்டு வந்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார் என்று ஆபீஸில் கிண்டல் வேறு.

மூன்றாம் தடவை என்னையே போனில் கூப்பிட்டார். துவைத்தால் பனியன் எவ்வளவு சுருங்குகிறது என்ற அளவும் போட்டோவும் ஐந்து மணிக்குள், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயிலில் போக வேண்டும். போகாவிட்டால் ஆர்டர் வேறு யூனிட்டுக்கு. "அப்புறம் பத்து டெய்லருக்கு வேலை இல்லீங்க," என்றார்.

நான் போனபோது மணி மூன்றரை. லிங்க் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. முதல்முறையாகக் கோளாறு என் கண்ணெதிரே. அன்று சிரித்த பேச்சு நினைவுக்கு வர, சாம்பிளை எங்கே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டேன். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார்.

கொடியில் இடம் போதாமல், கம்பத்திலிருந்து வரும் டெலிபோன் வயரிலும் நான்கு பனியன்கள். சொட்டிய தண்ணீர் வயரோடு வழிந்து, டேப் சுற்றிய ஜாயிண்ட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தைப் பேச்சு எப்படியோ சமாளிக்கும், பிராட்பேண்ட் தாங்காது.

சத்தம் போடத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் டேப் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்தேன். கனெக்‌ஷன் கொடுத்த அன்று வயர் நீளம் பற்றாமல், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நானே முறுக்கிவிட்டுப் போன ஜாயிண்ட். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஜாயிண்ட்டே இல்லாமல் புது வயர் இழுத்தேன். நாலே முக்காலுக்கு மெயில் போனது. தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன்.

"நாந்தான் மொதல்லயே சொன்னனுங்களே," என்றார், அத்தனை மரியாதையாக. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மீட்டரை எடுக்கும் முன் "எப்பெப்போ போகுதுங்க?" என்று கேளுங்கள். பதில் எவ்வளவு கோணலாக இருந்தாலும் சிரிக்காதீர்கள். அன்றைய சீட்டில் பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்தில் "ஈரத்துணி" என்று எழுதப்போன கையை நிறுத்தி, என் பெயரை எழுதினேன்.