டப்பாவில் இருந்த திருடன்

நான் கணக்கு டீச்சர். வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரு சீட்டு விளையாட்டுக்கான விதி. தன்னடக்கமெல்லாம் எனக்கு வராது; அது நல்ல விதி.

தொண்ணூறுகளின் கடைசியில், கீழ்பென்னாத்தூர் பக்கம் இருந்த ஒரு பள்ளிக்கு திருவண்ணாமலையிலிருந்து ஆறு டீச்சர்கள் ஒரே வேனில் போய்வந்தோம். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். முதல் வாரம் புடவையைப் பற்றிப் பேசினோம், இரண்டாவது வாரம் மாமியாரைப் பற்றிப் பேசினோம், மூன்றாவது வாரம் பேச ஒன்றுமில்லை. அப்போதுதான் தமிழ் டீச்சர் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் டப்பாவை எடுத்தார். உள்ளே ஆறு துண்டுச் சீட்டு: ராஜா, ராணி, மந்திரி, சேவகன், போலீஸ், திருடன். சின்ன வயதில் எல்லோரும் ஆடியதுதான். குலுக்கி ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். போலீஸ் வந்தவர் தன் சீட்டைக் காட்டிவிட்டு, மற்ற ஐந்து பேரில் திருடன் யாரென்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அவருக்கு ஐந்நூறு பாயிண்ட். தப்பாகச் சொன்னால் அந்த ஐந்நூறும் திருடனுக்கு.

தமிழ் டீச்சர்தான் எங்களில் மூத்தவர். கணீரென்ற குரல். போலீஸ் சீட்டு யாருக்கு வந்தாலும் தீர்ப்பு அவருடையதாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார் சயின்ஸ் டீச்சர். ஒல்லியான பெண், முப்பது வயது இருக்கும். அவரிடம் ஒரு வழக்கம். யாராவது உற்றுப் பார்த்தால் சிரித்துவிடுவார். அடக்க அடக்க இன்னும் ஜாஸ்தியாக வரும், முகமெல்லாம் சிவந்துபோகும்.

"பாத்தீங்களா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது. இவங்கதான், சொல்லிடுங்க" என்பார் தமிழ் டீச்சர்.

போலீஸ் வந்தவரும் சொல்லிவிடுவார். நானும் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. எப்போதாவது சயின்ஸ் டீச்சர் கையில் திருடன் சீட்டு இருக்கும். அன்றைக்கு வேனே அதிரும். மற்ற நாட்களில் அவர் சேவகன் சீட்டையோ ராணி சீட்டையோ விரித்துக் காட்டுவார். "அட, இன்னிக்கித் தப்பிச்சிட்டாங்க" என்று அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவோம். பிடிபட்டது நினைவில் நிற்கும், தப்பாய்ப் பழி போட்டது நிற்காது. மனிதர்கள் கணக்கு வைத்துக்கொள்ளும் லட்சணம் அப்படி.

ஒருநாள் சாயங்காலம் இறங்குமிடத்தில் சயின்ஸ் டீச்சர் என்னைத் தனியே நிறுத்தினார்.

"நாளைலேர்ந்து நான் பஸ்லயே வந்துடறேங்க டீச்சர்."

"ஏங்க, என்னாச்சு?"

"விளையாட்டுதாங்க, எனக்குத் தெரியும். ஆனா பழைய ஸ்கூல்ல லேப் தராசு ஒண்ணு காணாமப் போச்சு. எல்லாரையும் நிக்கவச்சுக் கேட்டாங்க. எனக்குப் பயம் வந்தா சிரிப்பு வந்துடும். சிரிச்சிட்டேன். அவ்ளோதான். எழுத்துல யாரும் ஒண்ணும் எழுதல. ஆனா அங்க இருக்க முடியல, மாத்தல் வாங்கினு வந்துட்டேன். இங்கயும் அதே பேரு வந்துடுமோன்னு இருக்கு."

வேன் பேச்சு ஸ்டாஃப் ரூமுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஏற்கெனவே "நம்ம திருடன் வந்தாச்சு" என்று காலையில் ஒருவர் கூப்பிட்டது என் காதிலேயே விழுந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வாரம் பொறுங்கள் என்று கெஞ்சி அனுப்பினேன்.

அன்றைக்குப் பாயிண்ட் எழுதும் நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் உட்கார்ந்தேன். சீட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது யார் முகத்தையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி திருடனைக் கொடுத்திருந்தது. சயின்ஸ் டீச்சருக்குக் கொடுத்ததும் எனக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய சமம். சீட்டு நியாயமாகத்தான் நடந்துகொண்டது, நாங்கள்தான் நடக்கவில்லை. ஏன் என்று யோசித்தேன். இந்த ஆறு பேருக்குள் ஒரு திருடன் உண்டு என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். உண்டு என்று தெரிந்துவிட்டால் கண் தேடத்தான் செய்யும், வாகாய்க் கிடைத்த முகத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடும். அப்படியென்றால் அந்த 'உண்டு' என்பதில்தான் கை வைக்க வேண்டும்.

மறுநாள் 'தளபதி' என்று ஒரு சீட்டு கூடுதலாக எழுதிப் போட்டேன். ஏழு சீட்டு, ஆறு பேர். ஒரு சீட்டு யாரும் பார்க்காமல் டப்பாவிலேயே கிடக்கும். திருடன் வேனுக்குள்ளேயே இல்லாமலும் போகலாம். போலீஸ் யார் பெயரையும் சொல்லாமல் "டப்பா" என்றும் சொல்லலாம்.

முதல் ஆட்டமே மண்ணைக் கவ்வியது. சீட்டு எடுத்துவிட்டு எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் போனபிறகு, "போலீசு யாருங்க?" என்றார் டிரைவர். போலீஸ் சீட்டு டப்பாவில் கிடந்தது.

"கணக்கு டீச்சர் கணக்கு தப்பாப்போச்சே" என்று தமிழ் டீச்சர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பொறுத்துக்கொண்டேன். அடுத்த நாள் போலீசை டப்பாவிலிருந்தே எடுத்துவிட்டேன். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி ஆட்டத்துக்கு ஒருவர் போலீஸ்; மீதி ஐந்து பேரும் ஆறு சீட்டிலிருந்து எடுப்பார்கள். கூடவே இன்னொரு விதியும் சேர்த்தேன், என் கர்வமெல்லாம் இதில்தான்: வீண்பழி சுமந்தவருக்கு ஐந்நூறு. அதாவது தப்பாகச் சொன்னால் பாயிண்ட் திருடனுக்குப் போகாது, யார்மேல் பழி போட்டோமோ அவருக்குப் போகும்.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். சாயங்காலம் எங்கள் வேன் ஊருக்கு வெளியே வரிசையில் மாட்டிக்கொண்டது. வேறு வேலை இல்லை, ஆட்டம் மேல் ஆட்டம். தமிழ் டீச்சர் போலீசாக இருந்தபோது சயின்ஸ் டீச்சர் வழக்கம்போலச் சிரித்தார். தமிழ் டீச்சர் கையை நீட்டினார். பிரித்தால் மந்திரி. திருடன் டப்பாவில் இருந்தான். அவர் முறை மறுபடி வந்தது, மறுபடி சிரிப்பு, மறுபடி கை நீண்டது. பிரித்தால் ராணி. மூன்றாவது தடவை சேவகன்.

"என்னங்க இது, சும்மாவா சிரிச்சீங்க?" என்றார் தமிழ் டீச்சர்.

"எனக்குப் பயம் வந்தா சிரிப்பு வரும் டீச்சர்" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"சிரிக்கிறவங்கதான் திருடன்னா மொத்த ஊரையும் உள்ள வெக்கணும்" என்றார் டிரைவர், கண்ணாடியில் பார்த்தபடி.

தமிழ் டீச்சர் அடுத்த தடவை கையை நீட்டும் முன் ரொம்ப நேரம் யோசித்தார், கடைசியில் "டப்பா" என்றார். தப்புதான், திருடன் என்னிடம் இருந்தான். இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் பூரிப்பாக இருந்தது. ஒரு மாதத்தில் பாயிண்டில் சயின்ஸ் டீச்சர்தான் முதலிடம். சில நாள் வேண்டுமென்றே சிரித்தாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம். பஸ் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அரையாண்டுத் தேர்வு தொடங்க இரண்டு நாள் இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு வினாத்தாள் கட்டு ஒன்று காணவில்லை. வினாத்தாள் வைக்கும் பீரோவின் சாவி சயின்ஸ் டீச்சர் பொறுப்பில் இருந்தது. ஹெட்மாஸ்டர் எங்கள் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு நேராக அவரைப் பார்த்தார்.

"சாவி உங்ககிட்டதான இருந்திச்சி? யார் எடுத்தா?"

சயின்ஸ் டீச்சர் சிரித்துவிட்டார்.

"இதுல சிரிக்க என்னம்மா இருக்குது?" ஹெட்மாஸ்டரின் முகம் மாறிவிட்டது. நோட்டு, கணக்கு, விதி என்று அத்தனை யோசித்த எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

வந்தது தமிழ் டீச்சருக்குத்தான்.

"சார், அவங்க பயந்தா சிரிப்பாங்க, அது அவங்க சுபாவம். யாரோ எடுத்துட்டாங்கன்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க? மொதல்ல டப்பாவப் பாத்தீங்களா?"

"எந்த டப்பா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

தமிழ் டீச்சர் சட்டென்று பேச்சை மாற்றினார். "கட்டு நம்ம ஸ்கூலுக்கு வந்துச்சான்னே பாக்கலயே சார். எடுத்துட்டு வந்தது நீங்கதான. வாங்கின எடத்துல ஒரு போன் போட்டுக் கேளுங்க."

ஹெட்மாஸ்டர் வேண்டாவெறுப்பாகப் போனைச் சுழற்றினார். கட்டு அங்கேயே பெஞ்சின் மேல் இருந்தது. வண்டியில் ஏற்றவே இல்லை.

சாயங்காலம் வேனில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் விதி, என் விதி என்று டிரைவரிடம்கூடச் சொன்னேன். தமிழ் டீச்சர் டப்பாவை எடுத்துக் குலுக்கி, முதலில் சயின்ஸ் டீச்சரிடம் நீட்டினார். அவர் சீட்டு எடுக்கவில்லை. டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"பழைய ஸ்கூல்ல ஒருத்தர்கூட டப்பாவப் பாக்கலைங்க டீச்சர்" என்றார்.