சாட்லரின் வயோலாவும் நான் போட்ட மூன்று ஃபிளாட்டும்

1. ஒரு பேனை, ஒரு பிளேடு

முதல் நாள் மிஸ்டர் டூலி என் மேசையில் ஒரு நிப் பேனையையும் ஒரு சவர பிளேடையும் வைத்தார். "எழுத இது, சுரண்டி அழிக்க இது. ரெண்டாவதைக் குறைவாப் பாவிச்சால் எனக்குச் சந்தோசம்" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன். இனி வருவதும் அப்படித்தான்.

எழுபதுகளில் மெல்பேர்ணுக்கு வந்து இறங்கியபோது எனக்கு முப்பத்தொரு வயது. கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் ஒன்பது வருடம் படவரைஞராக இருந்தவள். இங்கே அந்தச் சான்றிதழை ஒருவரும் மதிக்கவில்லை. ஆனால் கை நேராக ஓடும். மிஷன் பள்ளிக்கூடத்தில் பியானோவும் நாலாம் கிரேட் வரை படித்திருந்தேன். இந்த இரண்டையும் வைத்துத்தான் ஓர் ஓர்க்கெஸ்ட்ராவின் மியூசிக் லைப்ரரியில் கொப்பியிஸ்ட் வேலை கிடைத்தது. டூலி அங்கே மேலதிகாரி.

இசையமைப்பாளர் தரும் ஸ்கோரில் எல்லா வாத்தியங்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைத் தனியே பிரித்து, ட்ரேசிங் பேப்பரில் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையால் எழுதவேண்டும். அதைப் 'பார்ட்' என்போம். அதிலிருந்து பிரிண்ட் எடுத்து வாசிப்பவர்களுக்குக் கொடுப்போம்.

2. சாட்லர்

எமில் சாட்லர் எங்கள் லைப்ரரிக் கதவைத் தட்டும்போதே "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் வருவார். வியன்னாவில் பிறந்த யூதர். இருபத்தேழு வயதுக்குள் அங்கே அவருடைய இரண்டு படைப்புகள் மேடையேறியிருந்தன. பிறகு நாஜிகள் வந்தார்கள். யூதர் எழுதிய இசையை வாசிக்கத் தடை. ஒரு சூட்கேசோடு கப்பலேறினார். அம்மாவைப் பிறகு கூப்பிடலாம் என்று விட்டுவிட்டு வந்தார். கூப்பிட முடியவில்லை. அம்மா உயிரோடு மிஞ்சவுமில்லை.

வந்து சேர்ந்த ஆஸ்திரேலியாவிலும் யுத்தகாலத்தில் 'எதிரி நாட்டுக்காரன்' என்று சாட்லரை முள்ளுக்கம்பிக்குள் வைத்தார்கள். வெளியே வந்து காலுறைத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருபத்தைந்து வருடம். காலையில் வேலைக்குப் போகுமுன் எல்வுட்டில் தன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து இசை எழுதுவார். ஒருவரும் அதை வாசித்ததில்லை. இப்போதுதான் முதன்முறையாக எங்கள் ஓர்க்கெஸ்ட்ரா அவருடைய சிம்பொனியை எடுத்திருந்தது.

3. முப்பத்தெட்டாவது பார்

மெதுவான இரண்டாம் பகுதியில், முப்பத்தெட்டாவது பார் என்ற தாளக் கட்டத்தில், வயலின்கள் பி ஃபிளாட் பிடித்திருக்க வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாக்கள் பி நேச்சுரல் வாசிக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. ஒன்று பி ஸ்வரத்தை அரைப்படி இறக்கியது, மற்றது இறக்காதது; இரண்டும் ஒன்றோடொன்று உரசும். அங்கிருந்து அப்படி மூன்று இடம். டூலியிடம் காட்டினேன்.

"கிழவனுக்குக் கண் தெரியேல்லை. வயோலாவுக்கும் ஃபிளாட் போட்டுவிடு."

"ஒருக்கால் கேட்டுப் பாக்கட்டே?"

"நாளைக்கு ரிஹேர்சல். நேரமில்லை."

போட்டேன்.

ரிஹேர்சலில் அந்த இடம் தேன்போல வந்தது. ஓர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் திரும்பி, "மிஸ்டர் சாட்லர், ஏதும் சொல்ல இருக்கா?" என்றார். முன்வரிசையில் இருந்த சாட்லர் கதிரையிலிருந்து பாதி எழும்பி, "இல்லை, இல்லை. வடிவா இருக்கு. நன்றி" என்றார்.

நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். மடியில் ஸ்கோர் விரிந்திருந்தது. அவருடைய விரல் முப்பத்தெட்டாவது பாரை அழுத்திக்கொண்டிருந்தது. குனிந்து கேட்டேன்:

"வயோலாவுக்கு நீங்கள் ஃபிளாட் எழுதேல்லைத்தானே?"

"நேச்சுரல்தான். பரவாயில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு வாசிக்கினம். இதுக்குப் போய் நான் கரைச்சல் குடுக்கக்கூடாது."

தொந்தரவு தரக்கூடாது என்ற அந்த வசனம் எனக்குத் தெரியும். இந்த நாட்டின் ஒவ்வொரு கவுண்டரிலும் நானும் என் கணவரும் மனதுக்குள் சொன்ன வசனம் அது. எங்களுக்காக நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு எழும்பி நேரே மேடைக்கு, கண்டக்டரிடம் நடந்தேன்.

"சேர், வயோலா பார்ட்டில மூண்டு இடத்தில பிழை. அவர் எழுதினது சரி. ஃபிளாட் போட்டது நான்."

அறுபது பேர் என்னைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற டூலியும் பார்த்தார். கண்டக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தேத்தண்ணி பிரேக் பதினைஞ்சு நிமிசம். அதுக்குள்ள திருத்துவீங்களா?"

"ஓம், திருத்துவன்."

வயோலா ஸ்டாண்ட் ஐந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பார்ட். பதினைந்து குறிகள். ஸ்டாண்ட் ஸ்டாண்டாக முழங்காலில் நின்று பிளேடால் சுரண்டி, நேச்சுரல் எழுதினேன். ஒன்பது வருடம் காணி எல்லை கீறிய கை அது. அவர்கள் கப்பை வைத்துவிட்டு வரும்போது கடைசி இங்கை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி வாசித்தார்கள். முப்பத்தெட்டாவது பாரில் பல் கூசியது. கண்டக்டர் நிறுத்தினார்.

"மிஸ்டர் சாட்லர், இப்பிடியா வேணும்?"

சாட்லர் இம்முறை முழுதாக எழும்பினார். "ஓம். வியன்னா ஸ்டேஷனில அம்மா பிளாட்போமில, நான் ரயிலுக்குள்ள. ரெண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னம். ஆனால் ரயில் வெளிக்கிட்டிட்டுது, சேர்ந்து சொல்லக் கிடைக்கேல்லை." பிறகு, "வயோலா இன்னும் சத்தமா வாசிக்கவேணும்" என்றார்.

சத்தமாக வாசித்தார்கள். கச்சேரியிலும் அப்படியே.

4. பிறகு

திங்கட்கிழமை டூலி என் மேசைக்கு வந்தார். "ஃபிளாட் போடச் சொன்னது நான். ஏன் என்ர பேரைச் சொல்லேல்லை?"

"எழுதினது என்ர கை" என்றேன்.

அதற்குப் பிறகு, சந்தேகம் வந்தால் இசையமைப்பாளருக்கு நேரே போன் எடுக்க எனக்கு அனுமதி தந்தார். இன்றைக்கு இந்த வேலைக்கு வருபவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை எனக்கு உதவியது இது ஒன்றுதான்: விளங்காததைத் திருத்தவேண்டாம். எழுதியவரைக் கேளுங்கள். பிழை விட்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். திருத்த நேரம் மிஞ்சும்.

சாட்லர் சாகுமுன் இன்னும் நாலு படைப்பு எழுதினார். நாலையும் நான்தான் கொப்பி பண்ணினேன். கடைசி ஸ்கோரோடு வந்த அன்று கதவைத் தட்டவுமில்லை, சொறியும் சொல்லவில்லை. "போன முறை பேப்பர் மெல்லிசு! பக்கம் திருப்பேக்க சத்தம் கேட்டது!" என்று டூலியோடு அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்.

டூலி வியர்த்துப்போய் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசம்.