கீழே பார்த்த கண்

என் பெரியப்பா மகளுக்கு ஒரே மருமகள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அந்த மருமகளுக்குக் ‘கைப்பிடி அக்கா’ என்று பெயர். ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களின் கையைப் பதினாறு வருஷமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நரம்பைத் தடவிக் காட்டுவது இவள், குத்தி எடுப்பது வேறொருவர். சான்றிதழ் இருந்தால்தான் ஊசியைத் தொடலாம்.

அதற்காக நாற்பத்திரண்டு வயதில் இணையவழிப் படிப்பில் சேர்ந்தாள். “பேரன் எடுக்கிற வயசுல பரீட்சையாம்” என்று மாமியார் கேலி செய்துகொண்டே சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் கணினி முன் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். தொண்ணூற்றொரு மதிப்பெண். மறுநாள் கடிதம் வந்தது: தேர்வு செல்லாது. பதினொரு முறை அவள் கண் மேசைக்கு அடியில் போனதைக் கேமரா பார்த்ததாம்; துண்டுச்சீட்டு வைத்திருந்தாளாம்.

விடவில்லை அவள். எதிர்த்து எழுதினாள். தேர்வாளர் வீடியோவில் நேராகக் கேள்வி கேட்பார், அதிலும் தவறினால் இனிமேல் எழுதவே முடியாது என்று பதில் வந்தது.

அன்று நானும் மாமியாரும் கதவிடுக்கில் நின்றோம். இரண்டு கையும் மேசைமேல் தெரிய வேண்டும் என்றார் தேர்வாளர். முதல் கேள்வி, முழங்கை மடிப்பில் எந்த நரம்பை முதலில் தேடுவது என்பது. தினமும் செய்கிற வேலை. அவளிடம் பதில் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. சொல்லக் கூடாது, நிஜமாகவே பார்த்துத்தான் எழுதினாளோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

“சார், கேமராவைக் கொஞ்சம் கீழ திருப்பிக்கிறேன்” என்றாள். இடது கையை நீட்டி, வலது விரலால் முழங்கை மடிப்பைத் தடவினாள். அப்புறம் பதில் கொட்டியது. கேட்காத கேள்விக்கும் சேர்த்துச் சொன்னாள்.

“இதைத் தொட்டாத்தான் சார் எனக்கு வரும். அன்னிக்கும் கையை மடியில வெச்சு இதைத்தான் பார்த்தேன்.”

தேர்வாளர் பாஸ் என்று சொன்னபோது குரல் இறங்கியிருந்தது.

“கீழ பார்த்தாங்கன்னு இந்த வருஷம் பதினேழு பேரோட பேப்பரை ரத்து பண்ணிக் கையெழுத்துப் போட்டது நான்தாம்மா. அவங்க யாரும் எதிர்த்து எழுதல. நானும் ஒருத்தரையும் கூப்பிட்டுக் கேக்கல.”

திரை அணைந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள நினைத்த மாமியார் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். பாஸானவள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“பதினேழு பேராம், அத்தை” என்றாள்.